படுத்தவன் பங்கு

சாகாமல் இருப்பதற்கு விலை, நாளொன்றுக்கு நூற்றுப் பத்து மூட்டை. பேரம் கிடையாது, தவணை கிடையாது. தை மாதக் கடைசியில் மிளகாய் வத்தல் பேட்டையின் நிலவரம் அது. செத்துப்போன இருளப்பனுக்காக அந்த விலையைக் கொடுக்க அவனோடு மூட்டை தூக்கிய செட்டுக்காரர்கள் ஆறு பேர் முன்வந்தார்கள். விலை ஏறுமா என்று ஒருவனும் கேட்டுக்கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் பேட்டையில் மூட்டை தூக்கியவர்கள், காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் பார்த்தே நரைத்தவர்கள், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்.

இருளப்பன் செத்த விதத்திலேயே ஒரு வில்லங்கம் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அறுபத்து மூன்றாவது மூட்டையைக் கிட்டங்கிக்குள், அடுக்கி வைத்த அட்டியின் மேல் இறக்கினான். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் சாய்ந்தான்.

"சீனி, தண்ணி இருக்கா?"

சீனியப்பன் செம்போடு வருவதற்குள் ஆள் போய்விட்டான். சும்மாடு தலையை விட்டு இறங்கி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. தலையில் மூட்டையோடு விழுந்திருந்தால் அது வேலையில் நடந்த விபத்து. பெண்டாட்டிக்கு ஆயுளுக்கும் மாதப்பணம் வரும். மூட்டையை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுச் செத்தால் அது சொந்த விஷயம்.

இதையெல்லாம் கணக்கு வைத்தது 'தோள்' என்கிற கம்ப்யூட்டர் ஏற்பாடு. அது வந்து ஆறாவது வருஷம். அதற்கு முன்னால், வேலை வேண்டுமென்றால் விடியலில் பேட்டை வாசலில் நின்று, கமிஷன் கடை மேஸ்திரியின் கண்ணில் படுகிற மாதிரி இருமவேண்டும். தோள் வந்த பிறகு ஒரு பழைய பட்டன் போன் போதும். மிஸ்டுகால் கொடுத்தால் ஒரு பெண்குரல் திருப்பிக் கூப்பிட்டு, எந்தக் கிட்டங்கி, எத்தனை லாரி, மூட்டைக்கு என்ன கூலி என்று தெளிவாகச் சொல்லும். ஒவ்வொருவனுக்கும் ஒரு சும்மாடு. அதற்குள் எட்டணா அளவில் ஒரு வில்லை. தலையில் பாரம் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று என்று அதுவே எண்ணிக்கொள்ளும். கைரேகை வேண்டாம், வேண்டுமென்றாலும் கிடைக்காது, சாக்கு தேய்த்தே ரேகையெல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தது. படிக்கத் தெரியவேண்டாம். முகம் காட்டவேண்டாம். நல்லது செய்தது என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் பாவம்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைய 'அளவு' என்று ஒரு மூட்டைக் கணக்கைக் காலையில் அந்தக் குரல் சொல்லும். அதைத் தொட்டால் ஒரு நாள் வரவு. ஆயிரத்து ஐந்நூறு நாள் சேர்ந்தால் ஓய்வு வாங்கிக்கொள்ளலாம். மாதாமாதம் பணம் வரும், புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும். அளவைத் தொடாவிட்டால் கூலி உண்டு, நாள் கிடையாது. மறுநாள் அழைப்பும் ஒன்பதரைக்குத்தான் வரும். ஒன்பதரைக்குப் பேட்டையில் மிஞ்சியிருப்பது சிந்தின வத்தலைக் கூட்டி அள்ளுகிற வேலை.

இருளப்பன் சேர்த்தது ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு நாள். குறைவு எண்பத்திரண்டு.

மூன்றாம் நாள் காலை, இருளப்பன் வீட்டில் செட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது அவனுடைய போன் அடித்தது. மூன்று நாள் மிஸ்டுகால் வராவிட்டால் தோள் தானே கூப்பிட்டு விசாரிக்கும். சீனியப்பன் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"வணக்கம் இருளப்பன் அவர்களே. நலம் என்றால் ஒன்றை அழுத்தவும். நலமில்லை என்றால் இரண்டை அழுத்தவும். தொழிலாளர் இறந்திருந்தால் எட்டை அழுத்தவும்."

இருளப்பன் பெண்டாட்டி குருவம்மாள் கதவோரம் இருந்தாள். வத்தல் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிறவள். நெடி ஏறி ஏறி இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்திருக்கும். இப்போது அழுகிறாளா, வழக்கமான கண்ணா என்று சொல்லமுடியவில்லை. டாக்டர் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல் அந்த வேலை ஆகாது என்று சொல்லியிருந்தார்.

"எட்ட அமுக்கினா என்ன குடுப்பாக?" என்று கேட்டாள்.

"ஈமக்காசு குடுப்பாக மதினி. ஒரு தடவ."

"அம்புட்டுத்தானா?"

அந்தச் செட்டில் மூத்தவன் தவசி. ஐம்பத்தெட்டு வயது, இடது முழங்கால் மழைக்கு முன்பே மழை சொல்லும். அவன்தான் தொண்டையைச் செருமினான்.

"எண்பத்திரண்டு நாள்தான சீனி? அவன் படுத்திருக்கான்னு வச்சுக்குவோம்."

'படுத்தவன் பங்கு' என்பது பேட்டையில் தோளுக்கும் முந்தியது. செட்டில் ஒருவன் காய்ச்சலென்றோ கால் பிசகியோ படுத்துவிட்டால், அவன் பங்கு மூட்டையை மற்றவர்கள் தூக்கி, கூலியை அவன் வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு இரண்டு முறை உண்டு. படுத்தவன் பங்கைத்தான் முதலில் தூக்கவேண்டும், உடம்பில் தெம்பு இருக்கிற காலை நேரத்தில். அளந்து போட்ட பிச்சை என்று அவன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, பங்குக்கு மேலே ஆளுக்கு ஒரு மூட்டை கூடுதலாகத் தூக்கவேண்டும். அதற்குப் பெயர் மேல்மூட்டை. பேட்டையில் எல்லாச் செட்டுக்கும் இதே முறைதான். முறை தவறினவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் டீ வாங்கிக் கொடுக்கமாட்டார்கள்.

"வணக்கம் இருளப்பன் அவர்களே" என்று குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

சீனியப்பன் குருவம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் ஒன்றை அழுத்தினான்.

"மகிழ்ச்சி" என்றது குரல்.

மறுநாளிலிருந்து இருளப்பன் வேலைக்கு வந்தான். விடியலில் குருவம்மாள் அவன் போனிலிருந்து மிஸ்டுகால் கொடுத்துவிடுவாள். அவனுடைய சும்மாடு ஆறு தலை மாறியது. காலை ஆறரைக்குத் தொடங்கி, ஒருவன் தன் பங்கைத் தூக்கி முடித்ததும் அடுத்தவன் தலைக்குச் சூடு ஆறாமல் போகும். பத்து மணிக்கெல்லாம் இருளப்பனுடைய நாள் முடிந்துவிடும். அளவு நூற்றுப் பத்து. ஆளுக்குப் பத்தொன்பது, மேலே ஒன்று; அவன் பேரில் ஏறியது நூற்று இருபது. அந்தப் பங்கை முடித்த பிறகுதான் ஒவ்வொருவனும் தன் சும்மாட்டை எடுத்துக் கட்டுவான்.

சாயங்காலம் சீனியப்பன் போகிற வழியில் குருவம்மாள் வாசலில் நிற்பாள்.

"தம்பி, இன்னைக்கு எத்தன தூக்குனாரு?"

"நூத்தி இருவது மதினி."

"சரி" என்று உள்ளே போய்விடுவாள். அவள் அப்படி 'தூக்குனாரு' என்று கேட்பது முதல் வாரம் சீனியப்பனுக்கு என்னவோ போலிருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

இரண்டாவது வாரம்தான் அளவு ஏறியது. நூற்றுப் பத்து, நூற்றுப் பதின்மூன்று ஆனது. பிறகு வாரத்துக்கு மூன்று, சில வாரம் நான்கு. அளவு ஏறினால் படுத்தவன் பங்கும் ஏறும்; அதற்கு மேலே ஆளுக்கு ஒன்று போடத்தானே வேண்டும்? போட்டார்கள். அளவு இன்னும் ஏறியது. கூடவே அந்தக் குரல் புதிதாக ஒரு வாசகத்தையும் பிடித்துக்கொண்டது.

"இன்றைய அளவு நூற்று இருபத்து நான்கு. இதைத் தந்தவர், வத்தல் கிட்டங்கி இருளப்பன் அவர்கள். அவருக்கு நம் வாழ்த்துகள்."

பேட்டையில் நானூறு போன்களில் ஒரே நேரத்தில் இருளப்பனுக்கு வாழ்த்துச் சொல்லப்பட்டது.

"உசுரோட இருந்தப்ப ஒரு பய அவனுக்கு வணக்கம் வச்சதில்ல" என்றான் தவசி. "இப்பப் பாரு, கவர்மென்ட் மாப்பிள்ள மாதிரி."

"அண்ணே, பேட்ட பூராவும் அவரு செத்தது தெரியும்" என்று கிசுகிசுத்தான் ஜெபமணி. செட்டில் இளையவன், இரண்டு பெண்குழந்தைக்காரன். "பாடைக்கு முன்னால நடந்தவனெல்லாம் இதக் கேக்குறான். ஒருத்தனும் வாயத் தொறக்கலியே?"

"நல்ல மனுசங்கடா" என்றான் சீனியப்பன்.

அது உண்மையென்றுதான் நினைத்தான். டீக்கடையில் அவன் போய் நின்றால் மற்றச் செட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கிளாஸுக்குள் பார்ப்பார்கள். கோபம் என்றால் முறைக்கலாம், ஏசலாம். பேட்டைக்காரனுக்கு ஏசத் தெரியாமலா போகும்? பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

பங்குனி நடுவில் நிலோஃபர் வந்தாள். தோளின் களப்பணியாளர், இருபத்தாறு வயதிருக்கும். ஸ்கூட்டியில் வந்து, பேட்டையில் எல்லோரையும் அண்ணே என்பாள். வில்லை கெட்டுப்போனால் தைத்துக் கொடுப்பதும் அவள்தான். அன்றைக்குக் கையில் ஜரிகைத் துண்டும் ஒரு பரிசுப் பெட்டியும் இருந்தன.

கிட்டங்கித் தூணில் இருளப்பனுடைய படம் மாலையோடு தொங்கியது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே ஜெபமணி ஒரு காலிச் சாக்கை எடுத்துத் தூண்மேல் போட்டுவிட்டு, அதில் சாய்ந்து நின்று பல்லைக் குத்த ஆரம்பித்தான்.

"இருளப்பன் அண்ணே எங்க?" என்றாள் நிலோஃபர். "ஒரு போட்டோ எடுக்கணும். நாலு மாவட்டத்துலயும் அவருதான் முதல்."

"அவன் போட்டோவுக்கெல்லாம் நிக்கமாட்டான்மா" என்றான் தவசி. "வேலையில அம்புட்டு மும்முரம். தண்ணி குடிக்கக்கூட நிக்கமாட்டான்."

"அதாண்ணே மெஷினுக்கே ஆச்சரியம். அம்பத்திநாலு வயசு. முதல் மூட்டையும் கடைசி மூட்டையும் ஒரே வேகம். ஒரு நாள் லீவு இல்ல."

சீனியப்பன் மெதுவாகக் கேட்டான். "பாப்பா, இந்த அளவ யாரு ஏத்துறது? அவுகள ஒரு எட்டு பாத்துப் பேசமுடியுமா?"

"யாரும் ஏத்தலண்ணே. ஏத்துற ஆளுன்னு ஒருத்தர் இருந்தா நானே போயிச் சண்ட போட்ருப்பேன். பேட்டையில நல்லாத் தூக்குறவங்க எவ்வளவு தூக்குறாங்கன்னு அது பாக்கும். இருளப்பன் அண்ணன் வயசுல, அவரு சாப்புடுற சாப்பாட்டச் சாப்புட்டு, ஒரு மனுசனால இது முடியுதுன்னா, மத்தவங்களாலயும் கொஞ்சம் கிட்ட வரமுடியும்னு எடுத்துக்கும். அவ்வளவுதான்."

"முடியாட்டி?"

"முடியாதவங்க குறைஞ்சுக்கிட்டுத்தான் வர்றாங்கன்னு சொல்லுது. தை மாசம் அளவத் தாண்டித் தூக்குனவங்க ரெண்டே பேரு. இப்பப் பதினேழு பேரு. அளவு ஏற ஏற அதுவும் ஏறுது. எனக்கே புரியலண்ணே."

சீனியப்பனுக்கும் புரியவில்லை. இவன் செட்டில் இருளப்பனைத் தவிர ஒருவனும் வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் அளவைத் தொடவில்லை. இவர்களை விடத் தெம்பானவர்கள் பேட்டையில் பதினாறு பேரா?

நிலோஃபர் துண்டையும் பெட்டியையும் ஒரு மூட்டைமேல் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஜெபமணி அண்ணே, சாக்க இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுங்க. மாலை தெரியுது."

ஜெபமணி பல்குச்சியைத் துப்பிவிட்டுச் சாக்கை இழுத்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "பாத்தேன்னா எழுதணும். எழுதுனா உங்க ஆறு பேரு நாளும் சுழி. ஆனா எத்தன நாளைக்குண்ணே?"

பரிசுப் பெட்டிக்குள் முதுகுவலித் தைலம் இருந்தது. தவசி அதைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டான். "ஏலே இருளப்பா, நீ இருக்கியோ இல்லியோ, ஒன்னால எனக்கு ஒரு தைலம்" என்றான்.

தவசியின் நிலவரம்தான் மோசம். இருளப்பன் சாகிறபோது தவசிக்கு வேண்டியிருந்தது நாற்பத்தெட்டே நாள். அளவு நூற்றுப் பத்திலேயே நின்றிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பான். இருளப்பன் பங்கைத் தூக்கிவிட்டுத் தன் பங்குக்கு வரும்போது அவனுக்கு முழங்கால் வீங்கிவிடும். நூற்றில் நிற்பான், நூற்றைந்தில் நிற்பான். நாள் சேராது. சீனியப்பன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க இருளப்பன் பங்கத் தூக்க வேணாம். நாங்க அஞ்சு பேரு பாத்துக்குறோம்."

"ஏன், நான் செத்துட்டேனா?"

"அதுக்கில்ல…"

"எனக்கு முப்பத்தோரு வயசுல மஞ்சக்காமால வந்து மூணு மாசம் படுத்தேன். அவன் தூக்குனான். மேல்மூட்டையோட. நீ அப்ப இந்தப் பக்கமே வரல. சோலியப் பாரு."

சித்திரை பிறந்து மூன்றாம் நாள். அளவு நூற்று முப்பத்தெட்டு. இருளப்பனுக்கு ஆளுக்கு இருபத்து மூன்று, மேலே ஒன்று. ஆக நூற்று நாற்பத்து நான்கு. காலையிலேயே அது முடிந்தது. மத்தியானம் தவசி தன்னுடைய எழுபத்தோராவது மூட்டையோடு லாரியிலிருந்து பலகை வழியே இறங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் மடங்கியது. மூட்டை முன்னால் விழ, ஆள் பலகைக்கும் லாரிக்கும் நடுவே பக்கவாட்டில் விழுந்தான். வத்தல் மூட்டை வெடித்து, அந்த நெடியில் ஓடிவந்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள். தவசியும் வலியில் கத்த வாயைத் திறந்து தும்மினான்.

"பாத்தியா சீனி" என்றான் தூக்கும்போது, முகமெல்லாம் வெளுத்து. "நான் மூட்டையோட விழுந்தேன். இருளப்பன விட எனக்கு விவரம் ஜாஸ்தி."

ஆனால் அவன் சாகவில்லை. செத்தால் ஒரு கணக்கு. கால் உடைந்தால், மருத்துவச் செலவு உண்டு, நாள் கிடையாது. ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது, அப்புறமும் மூட்டையை மறந்துவிடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தவசி சேர்த்த நாள் ஆயிரத்து நானூற்று எழுபத்து நான்கு. குறைவு இருபத்தாறு.

ஆஸ்பத்திரி மரத்தடியில் சீனியப்பனும் ஜெபமணியும் நின்றார்கள்.

"இனிமே படுத்தவங்க ரெண்டு பேரு" என்றான் ஜெபமணி. "தூக்குறவங்க அஞ்சு. நூத்தி முப்பத்தெட்டு ரெண்டு தரம்."

"தெரியும்."

"அளவு ஏறாம இருந்தா இந்த மனுசன் மூணு நாளைக்கு முன்னாடியே ஓய்வு வாங்கிட்டு வீட்ல உக்காந்திருப்பாரு. எண்ணிப் பாத்தேன்."

"அதையும் எண்ணுனியா?"

"ராத்திரியெல்லாம் அதத்தான அண்ணே எண்ணுறேன். யாரு ஏத்துனது? நாமதான். மேல்மூட்ட, மேல்மூட்டன்னு."

சீனியப்பனும் எண்ணினான். ஐம்பத்தொரு நாள் இருளப்பனைத் தூக்கியாயிற்று. ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்பது. இன்னும் முப்பத்தொன்று. ஒருவனை இறக்கினால்தான் மற்றவனைத் தூக்கமுடியும். எவனை இறக்குவது என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. அதை யார் போய்ச் சொல்வது என்பதுதான்.

சாயங்காலம் குருவம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"தம்பி, இன்னைக்கு எத்தன தூக்குனாரு?"

"நூத்தி நாப்பத்திநாலு மதினி."

அவள் உள்ளே போகவில்லை.

"தவசியண்ணனுக்குக் கால் போச்சாமே."

"ஆமா."

"உள்ள வாங்க."

உட்கார்ந்ததும் இருளப்பனுடைய போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். துடைத்துத் துடைத்து எண்களெல்லாம் பளபளவென்று இருந்தன.

"எங்க கிட்டங்கியில பொம்பளைக பேசிக்கிறாக. அளவு ஏறி எத்தன வீட்ல புருசம்மாரு படுத்துட்டாகன்னு. பேரு சொல்லித்தான தினம் காலையில வாழ்த்துறாக? எம்புருசன் பேரு. அவுக என்னைய ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தான் தேவலாம்."

"மதினி, முப்பத்தோரு நாள்தான். எப்பிடியாச்சும்…"

"தம்பி, அவரு உசுரோட இருக்கையில ஒரு நாளும் நூத்தி இருவதத் தாண்டினதில்ல. ஞாயித்துக்கிழம முதுகுல எண்ணெ தேச்சவ நான். நூத்திப் பதினஞ்சு தூக்குன அன்னைக்கு, சோத்தப் பெசஞ்சு வாய்க்குக் கொண்டுபோகக் கை தூக்காது. நாந்தான் ஊட்டுவேன்." சிவந்த கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "இப்ப நூத்தி நாப்பத்திநாலு தூக்குறாரு. செத்தும் தூக்கிக்கிட்டே இருக்காரு. இறக்கி விடுங்க."

சீனியப்பனால் போனைத் தொட முடியவில்லை. அவளே எடுத்தாள். மிஸ்டுகால் கொடுத்தாள். குரல் கூப்பிட்டது.

"வணக்கம் இருளப்பன் அவர்களே. இன்று நீங்கள் தூக்கியது நூற்று நாற்பத்து நான்கு. வாழ்த்துகள். நலம் என்றால்…"

எட்டை அழுத்தினாள்.

கொஞ்சம் இடைவெளி. "எங்கள் ஆழ்ந்த இரங்கல். இறப்பு இன்று என்றால் ஒன்றை அழுத்தவும். நேற்று என்றால் இரண்டை அழுத்தவும். அதற்கு முன்பு என்றால் அலுவலகத்தை அணுகவும்."

"தை மாசத்துக்கு ஒரு பட்டன் வைக்கல போல" என்றாள் குருவம்மாள். ஒன்றை அழுத்தினாள்.

"பதிவான நாள்கள், ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்பது. ஓய்வுப் பணத்துக்கான தகுதி நிறையவில்லை. ஈமத் தொகைக்கு இறப்புச் சான்றிதழுடன் வரவும்."

சான்றிதழில் தேதி தை மாதத்தில் இருந்தது. அதுவும் போயிற்று.

மறுநாள் விடியலில் சீனியப்பன் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நூற்றுப் பத்து என்று அது சொல்லவேண்டும் என்று இல்லை. நூற்று இருபத்தைந்து என்று சொன்னாலும் மூச்சு விடலாம். குருவம்மாள் கொடுத்த முப்பத்தொரு நாளுக்கு அந்த மட்டும் இறங்கக் கூடாதா என்ன?

"வணக்கம் சீனியப்பன் அவர்களே. இன்றைய அளவு நூற்று முப்பத்தேழு. இதைத் தந்தவர், மல்லிக் கிட்டங்கி பூவலிங்கம் அவர்கள். அவருக்கு நம் வாழ்த்துகள்."

சீனியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். பூவலிங்கத்தின் பதினாறாம் நாள் சாப்பாட்டில் அவன் மாசி மாதம் கையை நனைத்திருந்தான். வடை நன்றாக இருக்கிறது என்று இரண்டாந்தரம் கேட்டுக்கூட வாங்கினான்.

டீக்கடையில் மல்லிச் செட்டுக்காரர்கள் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய மூத்தவன் சந்தனக்குமார் மட்டும் நிமிர்ந்தான்.

"பூவலிங்கம் நல்லாத் தூக்குறாப்ல" என்றான் சீனியப்பன்.

சந்தனக்குமார் ஒரு மடக்கு குடித்தான். "உங்காளு இறங்கிட்டாப்லயாமே?"

"இறக்கிட்டோம்."

"எங்களுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. மூணு பொம்பளப் புள்ளைக." கிளாஸை வைத்தான். "பருப்புக் கிட்டங்கியில ரெண்டு பேரு இப்பிடித்தான் ஓடுறாங்க. எண்ணெச் செட்டுல ஒருத்தன். புளிப் பேட்டையில எத்தனன்னு கேக்காத. நீ மட்டுந்தான் முற தெரிஞ்சவன்னு நெனச்சியா, சீனி?"

பதினேழு. நிலோஃபர் சொன்ன பதினேழு. அளவு ஏற ஏற ஆள்கள் படுத்தார்கள். படுத்தவர்களைச் செட்டுகள் தூக்கின, மேல்மூட்டையோடு. அதனால் அளவு ஏறியது. பெரிய மனசு பண்ணி இவனுக்கு விட்டுக்கொடுத்ததாக நினைத்தவர்கள் எல்லோரும், இவனைப் போலவே, சாக்கு போட்டு மூடிய ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

கிட்டங்கியில் நால்வரும் காத்திருந்தார்கள். தவசியின் சும்மாடு மேலே, ஒரு மூட்டையின் மீது இருந்தது. தைல வாசனை அடித்தது. காலையில் தவசி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே மிஸ்டுகால் கொடுத்து ஒன்றை அழுத்தியிருந்தான். தலையணைக்குக் கீழே போன், நலமாகத்தான் இருந்தான்.

சீனியப்பன் நடந்ததைச் சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை. பூவலிங்கம் என்றான், சந்தனக்குமார் சொன்னதைச் சொன்னான். ஜெபமணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப மதினி அமுக்குனது?"

"ஒரு மூட்ட இறங்கியிருக்கு."

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"கேட்டுக்கங்க" என்றான் சீனியப்பன். "தவசியண்ணனுக்கு இருவத்தாறு நாள். அளவு நூத்தி முப்பத்தேழு. மூணு பேரு இருவத்தேழு இருவத்தேழு. நானும் ஜெபமணியும் இருவத்தெட்டு. சரியா நூத்தி முப்பத்தேழுல நிறுத்துறோம். மேல்மூட்ட கிடையாது. இன்னைலருந்து கிடையாது. எவனாச்சும் வச்சா நான் மனுசனா இருக்கமாட்டேன்."

"தவசியண்ணன் போன்ல கேட்டுருவாரே. எண்ணிக்கையச் சொல்லும்ல?"

"கேக்கட்டும். பெறகு நான் பேசிக்கிறேன்."

ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள். சும்மாடு முதலில் சீனியப்பன் தலைக்கு வந்தது. இருபத்தெட்டு. அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தன் சும்மாட்டைக் கட்டிக்கொண்டு போனான். அது தலை மாறி மாறிப் போய், பத்து மணிக்கு ஜெபமணியிடம் முடிந்தது. ஜெபமணி அதை மடித்து, பழைய மூட்டையின் மீதே வைத்தான்.

பத்தேகாலுக்குச் சீனியப்பன் போன் அடித்தது. தவசி.

"ஏலே சீனி." குரல் கரகரத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் எவனோ முனகுவது கேட்டது. "நூத்தி நாப்பத்திரெண்டுன்னு சொல்லுதுடா."

சீனியப்பன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"உங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றான் தவசி. போனை வைத்துவிட்டான்.

நூற்று முப்பத்தேழுக்கு மேலே ஐந்து. ஆளுக்கு ஒன்று. சீனியப்பன் திரும்பி நால்வரையும் பார்த்தான். நால்வரும் மூட்டை மும்முரத்தில் இருந்தார்கள். ஏசலாம் என்று வாயைத் திறந்தான். ஐந்தில் முதல் மூட்டை அவனுடையது. இருபத்தெட்டு முடிந்ததும், மற்றவர்கள் லாரிப் பக்கம் போன நேரம் பார்த்து அவன்தான் வைத்தான்.

கரித்துண்டை எடுத்தான். தூணில் இருளப்பன் படத்துக்குக் கீழே எழுதினான். அளவைத் தாண்டுகிறவர்கள் பதினேழு. இருளப்பனை இறக்கியதில் ஒன்று போக, பதினாறு. தவசியை ஏற்றியதில் ஒன்று சேர, பதினேழு. கணக்கு நேர்.

குருவம்மாளுக்குக் குறைந்த நாள், முப்பத்தொன்று. அது எந்தப் பக்கத்திலும் சேரவில்லை.